சமாளித்தவர்களின் ஆட்டிசம்

குழந்தைக்காகப் போன இடத்தில்தான் பல பேருக்குத் தனக்கும் ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகம் வருகிறது. நான்கு வயதுப் பையனை ஆட்டிசம் பரிசோதனைக்கு அழைத்துப்போகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் உளவியலாளர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்: சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்று அழுவானா? மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வானா? வழக்கமாகப் போகும் வழியை மாற்றினால் கலங்கிவிடுவானா? பதில் சொல்லிக்கொண்டே வரும் அப்பாவோ அம்மாவோ பாதியில் நின்றுவிடுகிறார்கள். இதெல்லாம் எனக்கும் இருந்ததே, இப்போதும் இருக்கிறதே என்று உறைக்கிறது. ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது என்பதை இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் அந்தப் பெற்றோருக்கு வந்த எண்ணத்தை வீண் கற்பனை என்று தள்ள முடியாது.

வேறு சிலர் வேறு வழியாக இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வருஷக்கணக்கில் மாத்திரை எடுத்தும் அடியில் ஏதோ ஒன்று அப்படியே இருக்கும். பதவி உயர்வு கிடைத்து, கணினியோடு மட்டும் இருந்த வேலை பத்துப் பேரைக் கட்டி மேய்க்கும் வேலையாக மாறியதும் உடம்பும் மனசும் படுத்துவிடும். கல்யாணமாகிக் கூட்டுக் குடும்பத்துக்குள் போனபின், அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை இல்லாமல் திணறுவார்கள். எதையோ படிக்கும்போதோ பார்க்கும்போதோ சந்தேகம் முளைக்கும். வீட்டில் சொன்னால் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "காலேஜ் முடிச்சே, வேலைக்குப் போறே, கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கு. இத்தனை நாள் இல்லாத ஆட்டிசம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

இதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையான சொற்களில் கேட்கும் மருத்துவர்களும் உண்டு. அதன் அடியில் இருக்கும் எண்ணம் தவறானது. ஒருவர் இத்தனை காலம் சமாளித்துவிட்டார் என்பது அவருக்கு ஆட்டிசம் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. எப்படிச் சமாளித்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில், ஏன் சின்ன வயதிலேயே தெரியவில்லை? கண்டுபிடிக்க ஆள் இல்லை என்பதுதான் பெரும்பாலான நேரங்களில் நேர்மையான பதில். 1943ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் உலகம் அறிந்த ஆட்டிசத்தின் தொடக்கம். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசக்கூடிய, சில விஷயங்களில் அபாரமான அறிவுள்ள, ஆனால் சக பிள்ளைகளோடு ஒட்டாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1925ல், மாஸ்கோவில் குரூனியா சுகரேவா என்ற மனநல மருத்துவர் இப்படிப்பட்ட ஆறு சிறுவர்களை நுணுக்கமாக விவரித்திருந்தார். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு மருத்துவர்களின் மனதில் நின்றது கானரின் படம்தான்: பேச்சு வராத அல்லது மிகக் குறைந்த, தனி உலகில் இருக்கும் குழந்தை. ஆட்டிசம் உள்ள மகளை வளர்த்த பிரிட்டிஷ் மருத்துவர் லோர்னா விங் 1981ல் எழுதிய பிறகுதான் ஆஸ்பெர்கர் பார்த்த வகைப் பிள்ளைகள் ஆங்கில உலகின் கண்ணில் பட்டார்கள். அமெரிக்க மனநலக் கையேட்டில் ஆஸ்பெர்கர் நிலை இடம்பெற 1994 ஆனது. 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பு, அதாவது டி.எஸ்.எம்.-5, எல்லாவற்றையும் ஆட்டிசம் நிறமாலை (ஸ்பெக்ட்ரம்) என்ற ஒரே பெயருக்குள் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11ம் 2022 முதல் அதே வழியில் போகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1985ல் மதுரையிலோ தஞ்சாவூரிலோ ஐந்தாம் வகுப்பு படித்த, நன்றாக மார்க் வாங்கிய, அதிகம் பேசாத ஒரு பிள்ளையை எந்த ஆசிரியர், எந்த மருத்துவர் அடையாளம் கண்டிருக்க முடியும்? நம் ஊருக்கு மட்டும் உரிய நிலைமையும் இல்லை இது. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய ஆட்டிசம் உள்ளவர்களில் 10ல் 9 பேருக்கு அது கண்டறியப்படாமலே இருக்கக்கூடும் என்று 2023ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவப் பதிவுகள் ஒழுங்காக இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை.

நம் பள்ளிக்கூட முறைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். எந்த மணிக்கு எந்தப் பாடம், எந்த பெஞ்சில் யார், என்ன உடை, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று எல்லாம் வரையறுக்கப்பட்ட இடம் அது. மனப்பாடம் நன்றாக வந்து, வம்புக்குப் போகாமல் இருந்தால் அந்தப் பிள்ளை "நல்ல பிள்ளை". இடைவேளையில் அவன் யாரோடும் சேராமல் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தது யாருக்கும் கவலை தரவில்லை. சிக்கல் எழுவது அந்த ஒழுங்கு கலையும்போதுதான்: விடுதியில், வேலையில், மண வாழ்க்கையில், குழந்தை பிறந்தபின். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அப்போதுதான் புதிதாக ஏதோ வந்ததுபோலத் தெரிகிறது.

டி.எஸ்.எம்.-5 இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. அதன்படி, மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் மூன்று தளங்களிலும் சிரமம் இருக்க வேண்டும்: பேச்சிலும் உணர்விலும் கொடுத்து வாங்குவது, கண்ணாலும் முகத்தாலும் கையாலும் தெரிவிப்பது, உறவுகளை உண்டாக்கித் தக்கவைப்பது. இரண்டாவது தொகுதியில் நான்கு உண்டு: ஒரே மாதிரியான அசைவுகள் அல்லது சொற்கள், மாற்றத்தைத் தாங்க முடியாத பிடிவாதமான வழக்கங்கள், ஒன்றிரண்டு விஷயங்களில் மட்டும் மிக ஆழமான ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை, மணம் போன்றவற்றில் மிகையான அல்லது மிகக் குறைந்த உணர்வு. இவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும். இவை வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கவும் வேண்டும். அடுத்து வருவதுதான் பெரியவர்களுக்கு முக்கியமான வரி. அறிகுறிகள் சிறுவயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஆனால் சமூகத்தின் எதிர்பார்ப்பு ஒருவருடைய திறனைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம், பின்னாளில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம். "இப்ப எங்கேருந்து வந்துச்சு" என்ற கேள்விக்கு மருத்துவக் கையேடே பதில் எழுதி வைத்திருக்கிறது.

அந்த உத்திகளை மாஸ்கிங், அதாவது முகமூடி போடுவது, என்று சொல்கிறார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று மற்றவர்களைப் பார்த்துப் படித்துக்கொள்வது, போனில் பேசுவதற்கு முன்பு வசனத்தை எழுதிவைத்துக்கொள்வது, கண்ணைப் பார்க்க முடியாமல் நெற்றியைப் பார்ப்பது, கல்யாண வீட்டில் இரண்டு மணி நேரம் எல்லோரையும் விசாரித்துவிட்டு வந்து மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடப்பது. கடைசியில் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பெண்களிடம் இது கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் 4க்கு 1 என்று நீண்ட காலம் நம்பப்பட்ட விகிதம், 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 3க்கு 1 பக்கம் வந்தது. பெண்களில் பலர் கண்டறியப்படாமல் போகிறார்கள் என்பதே அதன் பொருள். நம் வீடுகளில் இது இன்னும் மோசம். தலை குனிந்து, பெரியவர்கள் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண்ணை அடக்கமான பெண் என்று பாராட்டித்தானே பழக்கம்? மேற்கில் உடனே கவனிக்கப்படும் ஓர் அறிகுறி இங்கே நற்குணச் சான்றிதழாகிவிடுகிறது.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. பெரும்பாலோர் அடுத்துச் செய்வது இணையத்தில் ஒரு வினாத்தாளை நிரப்புவது. மிகவும் பரவலானது ஏ.கியூ., கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 2001ல் வெளியிட்டது. 50 வாக்கியங்கள், 32 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது முதலில் சொன்ன எல்லை. ராட்ஸ்-ஆர் என்ற இன்னொரு வினாத்தாள் 2011ல் வந்தது. 80 கேள்விகள், எல்லை 65. இவை உதவாதவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதற்றமோ மனச்சோர்வோ, கவனம் நிலைக்காத, அமைதியாக இருக்க முடியாத நிலையான ஏ.டி.எச்.டி.யோ உள்ளவர்களுக்கும் இவற்றில் மதிப்பெண் ஏறும். மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களில் யாருக்குக் கடைசியில் ஆட்டிசம் உறுதியாகும் என்பதை ஏ.கியூ. மதிப்பெண்ணால் சரியாக முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. இன்னொன்று, கேள்விகளின் ஊர். பார்ட்டிக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவது பிடிக்குமா, அருங்காட்சியகத்தைவிட நாடகத்துக்குப் போவது பிடிக்குமா என்றெல்லாம் ஏ.கியூ. கேட்கிறது. பார்ட்டிக்கே போயிராத ஒரு திண்டுக்கல் அம்மா இதற்கு என்ன பதில் சொல்வார்? அதனால் வந்த எண்ணைவிட, எந்த வாக்கியத்தைப் படித்தபோது மனசு நின்றது, அப்போது எந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது என்று எழுதி வைத்துக்கொள்வது மருத்துவரிடம் அதிகம் உதவும்.

ஆட்டிசம்போலத் தோன்றும் வேறு நிலைகளும் உண்டு. சமூகப் பதற்றம் உள்ளவருக்கு எப்படிப் பேச வேண்டும் என்று பொதுவாகத் தெரியும், தப்பாகிவிடுமோ என்ற பயம் தடுக்கும். ஆட்டிசம் உள்ளவருக்குப் பலமுறை அந்தச் சொல்லாத விதியே பிடிபடாது. பயம் பிறகு, அடிபட்டு அடிபட்டு வருகிறது. ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழல் நோயில் செய்யும் சடங்கு வேண்டாத எண்ணத்தால் துரத்தப்பட்டுச் செய்வது. ஆட்டிசத்தில் ஒரே மாதிரிச் செய்வது பெரும்பாலும் நிம்மதி தருகிறது. சிறுவயதில் பட்ட வன்முறையும் புறக்கணிப்பும்கூட ஒருவரை ஒதுங்கியவராக, சத்தத்துக்குத் திடுக்கிடுபவராக ஆக்கக்கூடும். இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரலாம் என்பதுதான் வேலையைக் கடினமாக்குகிறது. ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கே இருப்பதாக எழுத 2013 வரை அமெரிக்கக் கையேடு இடம் தரவில்லை. அதற்கு முன் படித்துவிட்டு வந்த மருத்துவர்களிடம் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்லாது. வலிப்பு போன்ற வேறு காரணம் இல்லாமல் இதற்காகவே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஆட்டிசத்தைக் கண்டறிவது பேச்சாலும் கவனிப்பாலும்தான். மனநல மருத்துவரோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரோ செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகள் இருக்கின்றன. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் ஆட்டிசம் பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கானவை. அதனால் நேரம் வாங்கும் முன்பே, பெரியவர்களுக்குப் பார்ப்பீர்களா, எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறீர்கள், எழுத்தில் அறிக்கை தருவீர்களா என்று மூன்று கேள்விகளைப் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. போனில் பேசுவது கஷ்டம் என்றால் வாட்ஸ்அப்பில் கேட்கலாம்.

நல்ல பரிசோதனை என்றால் ஒரே உட்காரலில் பத்து நிமிஷத்தில் முடியாது. உங்கள் வாழ்க்கைக் கதையை விரிவாகக் கேட்பார்கள். சில இடங்களில் ஏ.டி.ஓ.எஸ்.-2 என்ற கருவியின் பெரியவர்களுக்கான பகுதியைப் பயன்படுத்துவார்கள். அதில் சொற்கள் இல்லாத படப் புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்வதும், நட்பு, திருமணம், தனிமை பற்றி உரையாடுவதும் உண்டு. நீங்கள் சொல்லும் பதிலோடு சொல்லும் விதத்தையும் கவனிப்பார்கள். மாஸ்கிங்கில் தேறியவர்கள் இந்த ஒரு மணி நேரத்தையும் அழகாகக் கடந்துவிடுவார்கள் என்பது இந்தக் கருவியின் பலவீனம். அதனால் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இப்போது உங்கள் கண்ணைப் பார்க்க நான் முயற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன், இது முடிந்து வீட்டுக்குப் போனால் எனக்கு யாரோடும் பேச முடியாது, என்று.

மிக முக்கியமான சாட்சி பெரும்பாலும் அம்மாதான். சிறுவயதில் எப்படி இருந்தீர்கள் என்று தெரிந்த ஒருவர் வந்தால் நல்லது என்பார்கள். இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம். "என் புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, நல்லாத்தான் இருந்தான்" என்று அம்மா முடித்துவிடுவார். தன் வளர்ப்பைக் குற்றம் சொல்கிறார்களோ என்ற பயமும் அதில் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு: தாயின் பாசக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1950களிலும் 60களிலும் மருத்துவ உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. அது முழுப் பொய் என்று நிரூபணமாகிப் பல காலம் ஆகிவிட்டது. இதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். அப்புறம், "நான் வித்தியாசமா இருந்தேனா?" என்று கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். முடிவெட்டும்போது என்ன ஆகும்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால்? தீபாவளி வெடிக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வேன்? பட்டுப்பாவாடையின் சரிகை குத்துகிறது என்று அழுதேனா? கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கேட்டால்? எத்தனை வயதுவரை ஒரே தட்டில்தான் சாப்பிடுவேன் என்றேன்? தெருப் பிள்ளைகளோடு விளையாடினேனா, பக்கத்தில் நின்று பார்த்தேனா? கதைகள் கொட்டும். "அதெல்லாம் செல்லம், பிடிவாதம்" என்று அவர் சேர்த்துச் சொல்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அம்மா இல்லாதவர்களுக்கு அக்கா, அத்தை, பழைய பள்ளி முன்னேற்ற அறிக்கை, "வகுப்பில் கலந்துகொள்வதில்லை" என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரிகூட உதவும்.

இந்தியாவில் பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. மருத்துவர் ஆட்டிசம் என்று கண்டறிவது ஒன்று, அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேறு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஏழு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. அதில் ஆட்டிசம் உண்டு. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று வேண்டும். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவினருக்குச் சேர்த்து. சதவீதத்தை அளக்க 2009ல் வெளியான ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் பயன்படுகிறது: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 40 முதல் 200. 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. தனியாகத் திரும்பத் திரும்ப ஒரே விளையாட்டை ஆடுகிறாரா என்பது மாதிரி, பார்த்தால் தெரியும் நடத்தையைச் சுற்றியே அதன் பல கூறுகள் அமைந்திருக்கின்றன. முப்பது வருஷம் பழகி மறைத்தவர் அதில் 70ஐத் தொடாமல் போகலாம். அப்படி ஆனால் உங்கள் மருத்துவர் சொன்னது பொய்யாகிவிடாது. இரண்டும் அளப்பது வெவ்வேறு. ஆனால் சமாளித்தவர்களின் களைப்பை அளக்க அரசிடம் அளவுகோல் இல்லை என்பது உண்மையான குறை, அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சான்றிதழும் கிடைக்காது, மாத்திரையும் கிடையாது என்றால் எதற்குப் போக வேண்டும்? ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூடவே இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சிகிச்சையை ஆட்டிசம் தெரிந்தபின் மாற்றி அமைக்க முடியும். தன் மேல் இத்தனை வருஷம் சுமத்திக்கொண்ட சோம்பேறி, திமிர் பிடித்தவன், ஒட்டாதவள் என்ற பட்டங்களை இறக்கிவைக்க முடியும். தானும் ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012ல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே உதவும்: ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்று புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது. 2020ல் எடின்பரோவில் நடந்த ஆய்வில் ஒருவர் சொன்ன கதையை அடுத்தவருக்குக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் கடத்தியது, ஆட்டிசம் இல்லாதவர்கள் தங்களுக்குள் கடத்திய அளவுக்கே நன்றாக இருந்தது. இருவரும் கலந்த வரிசையில்தான் தகவல் சிதறியது. இந்தச் செய்தி ஒருவருக்கு நாற்பது வயதில் கிடைத்தாலும் பெரிய விஷயம்.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முன்பே தெரிந்திருந்தால் என்ற துக்கம் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. வரன் பார்க்கும் வீடுகளில் இந்தச் செய்தி எப்படித் திரியும் என்பது நமக்குத் தெரியும். காலம் கடந்து ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்களில் தற்கொலை எண்ணம் மிக அதிகம் என்பதை 2014ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் அந்த எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் பரிசோதனைக்கான தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104ம் இருக்கிறது. குணப்படுத்துகிறேன் என்று பணம் கேட்பவர்களிடமும் கவனம் வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

முடிவு "இல்லை" என்று வந்தால்? காரணத்தைக் கேளுங்கள். சிறுவயது விவரங்களைப் பார்த்து, மற்ற நிலைகளையும் யோசித்து, உங்கள் சிரமத்துக்கு வேறு விளக்கம் தந்து சொன்னால் அதை மதித்துக் கேட்க வேண்டும். ஏ.டி.எச்.டி.யோ பழைய மனக்காயமோ என்று தெரிந்தால் அவற்றுக்குச் சிகிச்சையே உண்டு. "கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, கல்யாணமும் ஆயிடுச்சு, அதனால இல்லை" என்று மட்டும் சொன்னால் இன்னொருவரிடம் போகலாம்.

முடிவு "ஆம்" என்று வந்தால் யாரிடம் சொல்வது என்பது முழுக்க உங்கள் விருப்பம். அறிக்கை உங்களுடையது, அலுவலகத்துக்கு அதைத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. சொன்னால், வேண்டிய மாற்றங்களைக் கேட்க உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் தேவையான வசதி மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவு, எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆட்டிசம் உள்ள ஊழியர் கேட்பவை பெரும்பாலும் செலவில்லாதவை: வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், கூட்டத்தில் என்ன பேசப்போகிறோம் என்று முதல் நாளே சொல்லுங்கள், கதவுக்குப் பக்கத்தில் இல்லாத இருக்கை, காதில் ஹெட்போன் போட்டுக்கொள்ள அனுமதி. ஆட்டிசம் என்ற சொல்லையே எடுக்காமல்கூட இவற்றில் பாதியைக் கேட்டு வாங்கிவிடலாம். மருத்துவரின் தேதிக்காகக் காத்திருக்கும் மாதங்களிலேயே இதைத் தொடங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.